ஆறு மில்லிமீட்டர் நாய்

மார்ச் 4

மருத்துவமனைக் கட்டிட மாடலுக்கு இன்று மூன்றாம் தளத்து ஜன்னல்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அளவு. கடைசி ஜன்னலை வெட்டிவிட்டு நிமிர்ந்தால், பட்டறை வாசலில் ஒரு நாய்.

பழுப்பு நிறம். கழுத்தைச் சுற்றி புசுபுசுவென்று முடி. ஒரு காது நிமிர்ந்திருக்கிறது, இன்னொன்று மடங்கிக் கிடக்கிறது. வாரின் மறுமுனையில் முதலாளியம்மா. "அம்மாவோட நாய். அம்மா போனதுல இருந்து வீட்ல தனியா விட்டா ஊளையிடறான். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. ரெண்டு மூணு நாள் இங்க இருக்கட்டுமே" என்றாள். அவள் அம்மா தவறி இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யார் வேண்டாம் என்பார்கள்?

நாய்க்குப் பெயர் தம்பியாம். பசையண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து, "வாடா தம்பி, இத்தனை நாளா எங்கடா இருந்த?" என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டார். பட்டறையில் ஒட்டுகிற வேலையெல்லாம் அவருடையது. விரல்கள் எந்நேரமும் எதனோடாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று நாய் முடியோடு.

நான் என்ன செய்தேன்? மேல்தட்டில் பெயின்ட் டப்பாக்கள் கலைந்து கிடக்கின்றன என்று சொல்லி ஸ்டூலில் ஏறினேன். மதியச் சாப்பாடு வரை இறங்கவில்லை. நீலத்துக்குப் பக்கத்தில் நீலம், பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. அந்தத் தட்டு பிறந்ததிலிருந்து இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

மார்ச் 5

இன்றும் வந்தது. இன்று தூரிகைகளை அடுக்கினேன்.

மார்ச் 7

ரெண்டு மூணு நாள் முடிந்துவிட்டது. நாய் முடியவில்லை.

என்னை எந்த நாயும் கடித்ததில்லை. துரத்தியதும் இல்லை. கடித்திருந்தாலாவது சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் கிடையாது. சும்மா பயம். தெருமுனையில் ஒன்று படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற பயம். கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள் எனக்கு. இந்த வயதில் இதை வெளியே சொல்ல முடியுமா?

கட்டிட மாடல் செய்வது எங்கள் வேலை. கட்டப்போகிற கட்டிடத்தை அட்டையிலும் மரத்திலும் நூற்றில் ஒரு பங்காகச் செய்து கொடுப்போம். முன்னால் தெரு, தெருவில் மரம், சைக்கிள், குடை பிடித்த ஆள், குழந்தை வண்டி தள்ளுகிற பெண் எல்லாம் வைப்பேன். நாய் மட்டும் வைத்ததே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. என் ஊரில் நாய் கிடையாது, அவ்வளவுதான்.

இப்போது நிஜ ஊருக்குள் வந்துவிட்டது.

மார்ச் 10

பொய் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

முதலாளியம்மா எல்லோரையும் வைத்துக்கொண்டு, "தம்பி தினமும் வர்றதுல யாருக்காவது சிரமம் இருக்கா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். பயம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பசையண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நாய் முடி ஒத்துக்காது மேடம். தும்மல் வரும்" என்று வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல் ஒரு தும்மலும் போட்டேன். நாடகத்தில் நடிக்கப் போயிருந்தால் முட்டை அடித்திருப்பார்கள்.

"அய்யோ அக்கா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று பதறிப்போனாள். சரி, நாளையிலிருந்து நாய் வராது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 12

வந்தது. கூடவே காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றும் வந்தது. "உங்களுக்காகத்தான் அக்கா. தும்மலே வராதாம்."

பசையண்ணன் பங்குக்கு ஒரு முகமூடி. முதலாளியம்மாவுக்குத் தெரிந்த டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேறு. விழுங்குவது போல விழுங்கி, கழிவறையில் போய்த் துப்பினேன்.

இவர்கள் கொஞ்சம் கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்!

மார்ச் 14

நாய்க்கு மொட்டை அடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

கழுத்து முடி, வால் முடி எதுவும் இல்லை. மழையில் நனைந்த சட்டை மாதிரி ஒட்டிப்போய், மூலையில் உட்கார்ந்து தன் வாலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. "இனிமே ஒரு முடி உதிராது அக்கா" என்கிறாள். சிரிக்கத்தான் செய்தாள். கண்ணில் சிரிப்பில்லை.

பயம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் இப்போது பாவமும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 17

மெஷின் என் மேஜை பக்கத்தில் இருக்கிறது, எனக்காக வாங்கியதால். நாயின் படுக்கை இன்று மெஷின் பக்கத்துக்கு வந்துவிட்டது, முடி இருந்தால் மெஷின் இழுத்துக்கொள்ளும் என்பதால். ஆக நாய் இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் படுத்திருக்கிறது.

என் பொய்யே அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் காலடியில் படுக்க வைத்துவிட்டது.

மார்ச் 18

வெட்டிக்கொண்டேன். இடது ஆள்காட்டி விரல். மாடலின் முகப்புச் சுவரில் நீளமான கோடு ஒன்றைக் கத்தியால் இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கணுக்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. கை எங்கோ போய்விட்டது.

விரல் ஆறிவிடும். முகப்பு போச்சு. எல்லா ஜன்னலும் வெட்டி முடித்திருந்த முகப்பு, குறுக்கே கிழிந்து. எதையும் மூன்று தடவை அளக்காமல் கத்தியைத் தொடாதவள் நான். என் கை நடுங்காது என்பதால்தான் எனக்கு இங்கே மரியாதை. வேறு எதற்கு?

பசையண்ணன் விரலில் துணி சுற்றிவிட்டார். "ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்றார். தும்மல் வந்தது என்றேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 19

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் சிரித்தார், மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு விரலைப் பார்த்துவிட்டு, "விட்டுட்டு வந்துடு. உன் கைக்கு எங்கயும் வேலை கிடைக்கும்" என்றார்.

கிடைக்கும். ஆனால் நான் எதுக்குப் போகணும்? அந்த மேஜை என்னுது. அந்த நாயும்தான் எங்க போகும்? அதுவும் யாரையோ இழந்துட்டு வந்து நிக்குது.

முடிவு செய்துவிட்டேன். நானும் போகமாட்டேன், நாயும் போகக்கூடாது, என் கையும் நடுங்கக்கூடாது. எப்படி என்று தெரியவில்லை. முதலில் பொய் போகவேண்டும்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன்.

"மேடம், எனக்கு நாய் முடி ஒத்துக்காமலெல்லாம் இல்ல. தும்மல் பொய். எனக்கு நாய்னா பயம். சின்ன வயசுல இருந்து. கை அதனாலதான் நடுங்குச்சு."

நாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, நான் அவனுக்கு மொட்டை அடிச்சேனே!" என்றாள்.

"ஆமா."

"அந்த முடின்னா அம்மாவுக்கு உசுரு. எந்திரிச்சு உக்கார முடியாதப்போகூட என்னைச் சீப்பு எடுத்துட்டு வரச் சொல்லி, படுத்துக்கிட்டே சீவி விட்டாங்க. பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் சிரிச்சிருப்பேனா?"

வாரை மாட்டி நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சொன்னதற்காக இல்லை. சீப்புக்காக.

மார்ச் 21

நாய் வரவில்லை. கை நடுங்கவில்லை. புது முகப்பில் பாதி வெட்டிவிட்டேன்.

சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள்தானே?

மார்ச் 24

முதலாளியம்மா என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறாள். ஒரு நாளில் நாலு தடவை வீட்டுக்கு ஓடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டு உரிமையாளரிடம் போய்விட்டார்களாம்.

பசையண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். அவளுடைய உறவுக்காரர் ஒருவர் குடோன் வைத்திருக்கிறார். காவலுக்கு நாய் தேவையாம். சனிக்கிழமை வந்து அழைத்துப் போகிறாராம். "சங்கிலி போட்டுத்தான் வைப்பாங்களாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

படுக்கை இன்னும் என் நாற்காலிக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிறது. காலியாக இருக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

அப்படியென்றால்? நாயைப் பார்த்து வருகிற பயத்தைவிட, அது எங்கே இருக்கிறது என்று தெரியாத பயம்தான் பெரிது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பின்னால் என்ன வருகிறதோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். எந்த மடையன் அந்த மேஜையை அப்படிப் போட்டான்? நான்தான்.

இது மனசு விஷயம் மட்டுமில்லை. இட விஷயம். இடம் எனக்குத் தெரியும்.

மார்ச் 25

பட்டறையை அளந்தேன். சுவர், வாசல், தூண், அறுக்கும் மெஷின், எல்லோருடைய மேஜை, எல்லாம் மூன்று தடவை. பசையண்ணன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே, "என்னம்மா, பட்டறையை விக்கப்போறியா?" என்றார். பிடிங்கண்ணே பேசாம என்றேன்.

மார்ச் 27

இருபதில் ஒரு பங்காக எங்கள் பட்டறை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்தேன். வீட்டுக்காரர் இரண்டு வேளையும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முணுமுணுத்தார், ஆனால் நாற்காலிகளுக்கு அவர்தான் கால் ஒட்டினார்.

இன்று அதை முதலாளியம்மாவின் முன்னால் வைத்தேன். "அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

என் மேஜையைத் திருப்பிக் காட்டினேன். முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு நேரே வாசல். நடுவில் இடுப்புயரத்துக்கு ஓர் அரைக்கதவு. தாழ்ப்பாள் என் பக்கம். நாயின் படுக்கை ஜன்னலடியில், நான் தலையைத் தூக்கினால் தெரிகிற இடத்தில். கழுத்துக்கு ஒரு மணி. "எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். அதைப் பிடிக்கணும்னு என்கிட்ட கேக்காதீங்க. தடவிக் குடுக்கமாட்டேன். ஆனா அதுக்கு இங்க இடம் இருக்கு. குடோனுக்கு அனுப்பாதீங்க."

அவள் குனிந்து, ஜன்னலடியில் நான் வைத்திருந்த தக்கை நாயை இரண்டு விரலால் எடுத்தாள்.

"அக்கா, இது எந்த அளவுல செஞ்சது?"

"எல்லாமே இருபதுல ஒண்ணு."

தன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். தக்கை நாய் ஐந்து சென்டிமீட்டர். "அப்போ தம்பி ஒரு மீட்டர் உயரமா? அக்கா, இது நாயா கன்னுக்குட்டியா?"

பசையண்ணன் எட்டிப் பார்த்தார். மாடல் மேஜைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார். மேஜையைவிட நாய் உயரம்! அவர் சிரித்த சிரிப்பில் முகமூடி கழன்று விழுந்தது. அந்த முகமூடியையும் இப்போது அவர்தான் போட்டுக்கொள்கிறார், வீணாகப் போகக்கூடாதாம்.

"அது அவ்வளவு உயரம்தான்" என்று நான் சண்டை போட்டேன். நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். முதலாளியம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க அக்கா, நாளைக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களே அளந்துக்கோங்க."

பட்டறையில் எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தவள், அதை மட்டும் ஒரு தடவைகூட அளக்கவில்லை.

மார்ச் 28

அளந்தேன்.

முதலாளியம்மா தரையில் உட்கார்ந்து அதன் முகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கவாட்டில் போய் எஃகு ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, தோள் மேல் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்தேன். ஸ்கேல் தரையில் டக் டக்கென்று அடித்தது, கை அப்படி ஆடியது. "பண்ணிடு, பண்ணிடு, பண்ணிடு" என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அறுபது சென்டிமீட்டர்.

"போதும் அக்கா" என்றாள்.

"ஒரு தடவை அளந்தா செல்லாது."

இரண்டாம் தடவையும் அறுபது. மூன்றாம் தடவை அது பெருமூச்சு விட்டது, தோள் கொஞ்சம் இறங்கியது. மூச்சு ஏறும்வரை காத்திருந்தேன். அறுபது.

அறுபதுதான். எப்படி இத்தனை நாள் என் கண்ணுக்கு ஒரு மீட்டராகத் தெரிந்தது?

மார்ச் 29

உறவுக்காரர் வந்தார். வெறும் சங்கிலியோடு திரும்பிப் போனார். மதியம் அரைக்கதவுக்குப் பலகை வெட்டினேன்.

ஏப்ரல் 4

அரைக்கதவு மாட்டியாயிற்று. மணியும் கட்டியாயிற்று. மணி சத்தம் கேட்டால் முதலில் நிமிர்கிறேன், எங்கே என்று பார்க்கிறேன், மறுபடி வெட்டுகிறேன். நேற்று முன்னங்காலைத் தூக்கி ஊன்றி, கதவின் மேல் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நானும் பார்த்தேன். யார் முதலில் கண்ணை எடுப்பது என்று ஒரு போட்டி மாதிரி. அது கொட்டாவி விட்டது. என் கணக்கில் ஜெயித்தது நான்.

பயம் போகவில்லை. போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

கழுத்தில் லேசாக முடி முளைத்திருக்கிறது.

ஏப்ரல் 11

மருத்துவமனை மாடல் நாளை போகிறது. இன்று கடைசியாகத் தெரு. மரம், சைக்கிள், குடைக்காரர். எல்லாம் வைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் மரத்துண்டைச் செதுக்கினேன். அறுபது சென்டிமீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு, ஆறு மில்லிமீட்டர். ஒரு காதை நிமிர்த்தினேன், ஒன்றை மடக்கினேன். இடுக்கியால் எடுத்து மருத்துவமனை வாசலில், தெருவைப் பார்த்தபடி வைத்தேன்.

முதலாளியம்மா சரிபார்க்க வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்த நாயிடம் நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். பசை காயும் முன்னால் என் கையிலிருந்து இடுக்கியை வாங்கி, நாயை மெதுவாகத் திருப்பினாள். இப்போது அது கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

"அம்மாவோட கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில அவனை உள்ள விடல அக்கா" என்றாள். "இப்படித்தான் உக்காந்திருந்தான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மணி சத்தம் கேட்டது. அரைக்கதவு வரை வந்து நின்றது. நான் நிமிரவில்லை. தெருவில் இன்னும் ஒரு மரம் பாக்கி இருந்தது, அதை ஒட்டினேன்.