மதிலோரம் நாற்பத்தொரு செடி

2 மார்ச்

வணக்கம்.

மூட்டுவலி தேவலையா? நான்கு வருடமாக எழுதாதவன் எழுதுகிறானே, என்ன குடி முழுகிவிட்டது என்று பதறாதே. நல்ல செய்திதான்.

உன் ஊரில் சாலை அளக்க வந்த சர்வேயர் ஒருவர், செய்தித்தாளில் வைத்து அழுத்திய ஒரு செடியை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் நம் பொடிப்பூ! விரல் உயரம், ஐந்தே மஞ்சள் இதழ், சூரியகாந்திக் குடும்பத்தின் கடைக்குட்டி. இருபது வருடமாக நான் வரையும் வரைபடத்தில் அதன் புள்ளிகளெல்லாம் வடக்கே, உப்புப் படிந்த களிமண் வெளியில்தான் இருக்கின்றன. அங்கிருந்து உன் ஊர் முந்நூறு கிலோமீட்டர். இதன் விதைக்குப் பறக்க இறகு கிடையாது. தாய்ச்செடியின் காலடியிலேயே விழுந்து கிடக்கும். பிறகு எப்படி வந்தது? தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

'பழைய செங்கல் சூளைக்குப் பின்னால், கிழக்கு மதிலோரம்' என்று சீட்டில் இருக்கிறது. போய்ப் பார்த்து, எத்தனை செடி, மண் என்ன நிறம் என்று எழுது. என்னோடு பதினொரு வருடம் தாளில் செடி ஒட்டியவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதம் வரைபடம் அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
நான்

9 மார்ச்

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

'வாலு அம்மாவுக்கு' என்று எழுதக்கூடக் கை வரவில்லை, மொட்டையாக ஒரு வணக்கம். போகட்டும்.

நான் இதற்கென்று போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஞாயிறுதோறும் அங்கேதான் போகிறேன். சூளைக்குப் பின்னால் இருப்பது கல்லறைத் தோட்டம். கிழக்கு மதிலோரம் நம் வாலு இருக்கிறாள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெற்ற அப்பாவுக்குத்தான் தெரியவில்லை.

காய்ச்சலில் அவள் போனபோது நீங்கள் வடக்கே இருந்தீர்கள். ஆள் விட்டுத் தேடி, நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. அதை நான் குற்றமாகச் சொல்லவே இல்லை. வந்த பிறகும், "நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்" என்றீர்கள். அந்த நாளைக்கு ஏழு வருடம் ஆகிறது.

விதை நான் போட்டது. ஆறு வயதில் உங்களோடு வந்து அவள் பறித்த செடியைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் சின்ன உறையில் விதை வைத்திருந்தோமே, அதுதான். வீட்டைக் காலி செய்தபோது நீங்கள் எடுக்காமல் விட்டுப் போனது. "இது ஒரு பூ இல்லம்மா, உள்ள நூறு பூ இருக்கு, அப்பா காட்டினாரு" என்று லென்ஸும் கையுமாகத் தெருவெல்லாம் அலைந்தாள்.

கையால் விதைத்ததற்கு வரைபடத்தில் இடமில்லை என்பது உங்கள் சட்டம். என் ஊருக்கு வைத்த புள்ளியை அழித்துவிடுங்கள்.

வாலு அம்மா

20 மார்ச்

வாலு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். புள்ளியை அழித்துவிட்டேன்.

முப்பதாம் தேதி ஞாயிறு வருகிறேன். பத்து மணிக்குத் தோட்டத்து வாசலில் நில். இந்த முறை சத்தியமாக வருவேன்.

வாலு அப்பா

31 மார்ச்

வாலு அப்பாவுக்கு,

நேற்று பத்திலிருந்து ஒன்றரை வரை நின்றேன். காவல்காரர் பாவப்பட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "யாரும்மா வரணும்?" என்றார். "அவ அப்பா" என்றேன். "அட, அப்பா இருக்காரா?" என்று கேட்டுவிட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டும் எழுதுங்கள்.

வாலு அம்மா

6 ஏப்ரல்

வாலு அம்மாவுக்கு,

நான் வந்தேன். எட்டு மணிக்கே வந்துவிட்டேன். சாலைப்பக்கமாக, மதிலுக்கு வெளியே நின்றேன். ஒரு செங்கல் பெயர்ந்த சந்து இருக்கிறதே, அதன் வழியாகப் பார்த்தேன். கல்லின் முதுகும், சுற்றிலும் பொடிப்பூவும் தெரிந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொரு செடி. இரண்டு முறை எண்ணினேன். வாசலில் நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். அப்படியே திரும்பிப் போய்விட்டேன்.

அவள் பெயரைக் கல்லில் படித்துவிட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடும். இத்தனை வருடமும் அவள் உன்னோடு அந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று நினைத்தே நான் காலத்தை ஓட்டினேன். நான் கோழை. என்னை மன்னித்துவிடு.

வாலு அப்பா

13 ஏப்ரல்

வாலு அப்பாவுக்கு,

என்னோடு இருக்கிறாளா? நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டுதான் கழுவுகிறேன்.

வாசலில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வருகிறது. இனி எனக்கு எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன்.

மண்ணின் நிறம் கேட்டிருந்தீர்கள். சிவப்பு. இந்த மண்ணில் பிழைக்காது என்று உங்கள் கட்டுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருடம் முளைக்கவே இல்லை, நான்தான் விடாமல் தண்ணீர் ஊற்றினேன்.

எண்ணிக்கையும் தப்பு. நாற்பத்துமூன்று. இரண்டு செடி கல்லுக்கு முன்பக்கம், அவள் பெயருக்குக் கீழே இருக்கின்றன. உள்ளே வந்தால்தான் அவை தெரியும்.

வாலு அம்மா