இன்றைக்கு உன் கடல் என்ன நிறம்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் நிப்றாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எந்தத் தண்ணீரின் மேல் இருந்து இதைப் படிக்கிறாயோ தெரியாது, அங்கே உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பாற்றுவானாக. இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி இன்ஷிராவும் சுகம். அப்படி எழுதுவதுதான் வழக்கம், எழுதி விட்டேன், மிச்சத்தைக் கீழே படி. வொயிஸ் அனுப்பினால் வாப்பா என்ற சொல் வந்த இடத்திலேயே நிற்பாட்டி விடுகிறாய் என்று இன்ஷிரா சொன்னாள், அதனால்தான் பேனையைப் பிடித்தேன். உங்கள் கப்பலில் ஏறுவதற்குப் பக்கத்து ஒழுங்கை முனீப் துபாய்க்குப் போகிறான், உன்னோடு பந்து விளையாடினவன். அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ முழுவதும் படிக்கும் வரைக்கும் உன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மழை தொடங்கி விட்டது, குசினிக் கூரை போன வருஷம் ஒழுகின அதே இடத்தில், அடுப்புக்கு மேலேயே ஒழுகுகிறது. இன்ஷிரா சோதனைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். உனக்கென்று விரித்த புதுப் படுக்கை விரிப்பை நான் இன்னும் எடுக்கவில்லை மகன். அதில் இப்போது பூனை படுக்கிறது, துரத்த வேண்டும் என்று போவேன், அந்தக் கட்டிலில் ஒரு உயிராவது படுத்திருக்கட்டும் என்று திரும்பி வந்து விடுவேன்.

நீ இறங்க வேண்டியிருந்த அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் ஒப்பந்தம் முடிந்து, கப்பல் நம்முடைய துறைமுக வாய்க்கு வெளியே சாமான் ஏற்ற அரை நாள் நிற்கும், உன் வாப்பா ஓட்டுகிற லோஞ்ச் படகே வந்து உன்னை இறக்கும் என்று ஏஜென்ட் சொன்னபோது நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கறிக்குக் கணவாய் வாங்கினேன், வட்டிலப்பம் அவித்தேன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ரேடியோவில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள், காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு மிகவும் கொந்தளிப்பாகக் காணப்படும் என்றார்கள். அதை வாசிக்கிற ஆளுக்குக் கடல் அமைதி என்றாலும் ஒரே குரல், கொந்தளிப்பு என்றாலும் அதே குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரேடியோவை நிற்பாட்டினேன், நான் நிற்பாட்டினால் காற்றும் நின்று விடும் என்ற மாதிரி. உன் வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். பகலைக்கு நனைந்த சாரத்தோடு வந்து கப்பலுக்குப் போக ஏலா என்று மட்டும் சொன்னார். நானும் இன்ஷிராவும் கடற்கரைக்கு ஓடினோம். குடாவின் வாய்க்கு அப்பால் உன் கப்பல் சாம்பல் நிறத்தில் நின்றது. அஸர் தொழுகை வரைக்கும் நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போனது. அது உன் கப்பல்தானா என்று கூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் கையைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

அடுத்த நாள் விடிய அந்தப் பாழாய்ப் போன தாழமுக்கம் வடக்கே திரும்பி விட்டது, கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரிக் கிடந்தது. தேத்தண்ணிக் கடையில் உன் வாப்பாவை, தாஹிர் காக்கா ரேடியோவுக்குப் பயந்துட்டாரே என்று சொல்லிச் சிரித்தார்களாம். நீயும் தங்கச்சிக்குப் போன் எடுத்து, கப்பலுக்கு மேலே இருந்து பார்க்க அலை பெரிதாக இல்லை, வேறு வாப்பா என்றால் நீந்தியாவது வந்திருப்பார் என்று சொல்லி, அந்தக் கோபத்திலேயே இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்தும் வைத்து விட்டாய். உண்மையைச் சொன்னால் நானும் அப்போது உன் பக்கம்தான் மகன். சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் தட்டித்தான் வைத்தேன்.

உனக்கென்று ஆக்கின கறியை யாருக்குத் தின்ன மனம் வரும், அப்படியே ஜெமீல் வீட்டுக்குக் கொடுத்து விட்டிருந்தேன். லோஞ்சில் வாப்பாவோடு வேலை செய்கிற ஜெமீலைத்தான் சொல்கிறேன். சட்டியைத் திருப்பித் தர வந்த அவன் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அன்றைக்கு உன் வாப்பா போகாமல் இருக்கவில்லை. லோஞ்சை எடுத்துக்கொண்டு துறைமுக வாய் வரைக்கும் போயிருக்கிறார்கள். நீ கயிற்றேணியில் இறங்கும்போது லோஞ்சின் முனையில் நின்று ஏணியைப் பிடிப்பது ஜெமீல். அலை லோஞ்சைத் தூக்கிக் கப்பலில் அடித்தால் நடுவில் அகப்படுவதும் அவன்தான். ஆனாலும் அவன், நம்மட புள்ளதானே காக்கா, போவம் என்றானாம். வாப்பா உன் கப்பலையே பார்த்துக்கொண்டு இருந்தாராம், அலையில் லோஞ்ச் ஆடிக்கொண்டிருந்ததாம். பிறகு, என்ட புள்ளயக் கூட்டி வாறதுக்கு உன்ட புள்ளைகள்ற வாப்பாவைக் கொண்டு போக ஏலா என்று சொல்லித் திருப்பி விட்டாராம். ஜெமீலுக்குச் சின்னச் சின்னப் பெண்பிள்ளைகள், உனக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியில் உன் வாப்பா ஒரு தரமும் பின்னால் பார்க்கவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம், கடையில் சிரித்தவர்களிடமும் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். சொன்னால் ஜெமீலால்தான் நீ வரவில்லை என்று ஊர் கதைக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அவர் என்ன செய்கிறார் தெரியுமா? நம்முடைய கடல் வானிலையை ரேடியோவில் கேட்டு முடித்ததும் இன்ஷிராவின் கதவைத் தட்டுவார். அவள் போனில் காற்றுப் படம் ஒன்று இருக்கிறது, அமைதி என்றால் நீலம், காற்று ஏற ஏற மஞ்சள், சிவப்பு. உன் கப்பல் எங்கே நிற்கிறது என்றும் அதில் பார்க்கிறாள். அவருக்கு அரபிக் கடலின் வேறு கதை ஒன்றும் தேவையில்லை, புள்ளைட கடல் இண்டைக்கு என்ன நிறம் என்று மட்டும் கேட்பார். நீலம் என்றால் தேத்தண்ணியைக் குடித்து விட்டு வேலைக்குப் போவார். மஞ்சள் என்றால் கோப்பை அப்படியே ஆறிக் கிடக்கும். ஒரு நாள் சிவப்பு என்றாள், அன்றைக்கு அவர் தொழுகைப் பாயை விட்டு எழும்பவே இல்லை.

மகன், உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஆறு மாதத்தை நான் எப்படியாவது தள்ளி விடுவேன், நான் வாய்க்காரி, அழுதும் திட்டியும் தீர்த்துக்கொள்வேன். அவருக்கு அந்த வழி தெரியாது. நீ அவருடைய போன் கோலை வெட்டி விடுகிற ஒவ்வொரு தரமும் சட்டைப் பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு, சிக்னல் இல்லை போல என்று எனக்குச் சொல்கிறார். கப்பலில் வைபை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கணவாய்க் கருவாடு முனீப்பிடம் தந்திருக்கிறேன், காற்றுப் படாமல் வை. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கரைக்கும் எங்களிடமும் கொண்டு வந்து சேர்ப்பானாக. வாப்பாவுக்கு ஒரு கோல் எடு. அந்த நாளைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், அவருக்குக் கூச்சமாக இருக்கும். அங்கே காற்று எப்படி என்று மட்டும் உன் வாயால் சொல்லு.

இன்றைக்கு நீலமாம். ஆனாலும் அவர் இன்னும் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை, படம் பொய் சொல்லவும் கூடும் என்கிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உம்மா றஹ்மா