நாலும் ஒன்பதும் இடம் மாறிய கட்டம்

மார்ச் 9, ஞாயிறு

குமே அக்காவின் காபிக் கடையில் காபியும் இனிப்புப் பயறு விழுது தடவிய ரொட்டியும். நான் பென்சிலோடு பத்திரிகைச் சுடோகுவில். எதிரே என் வீட்டுக்காரர் கென்சாகு போன் சுடோகுவில். நானே ஒரு சுடோகு உருவாக்கி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். சிரித்தார்.

"மெஷின் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிரம் போட்டுத் தள்ளுது. நீ எதுக்கு தமாகி மண்டையை உடைச்சுக்கறே?"

பற்றிக்கொண்டு வந்தது. வாசகர்கள் கையால் உருவாக்கியதை மட்டும்தான் இந்தப் பத்திரிகைக்காரர்கள் வாங்குவார்கள். ஒன்றாவது அச்சில் வர வேண்டும். வர வைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

அனுப்பியாயிற்று. கட்டத்தில் முதலிலேயே கொடுத்து வைக்கும் எண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி நிற்கின்றன. ஒரு நாலு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் நகர்த்தி வைத்தேன். என்ன அழகு!

ஏப்ரல் 18, வெள்ளி

திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு விடை வருகிறதாம். மூலையில் நாலையும் ஒன்பதையும் இடம் மாற்றிப் போட்டாலும் சரியாகவே இருக்கிறது. ஒரே விடைதான் இருக்கணும், இது எனக்குத் தெரியாதா? அந்த நாலு! அழகு பாத்தேனே, அழகு... புத்தி எங்க போச்சு?

நான் வேலை பார்க்கும் கடையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும்போதும் அழுகை. வெங்காயம் என்று சமாளித்தேன். அவரிடம் மூச்சு விடவில்லை. மெஷின் புராணம் ஆரம்பித்துவிடும்.

ஏப்ரல் 19, சனி

முதலிலிருந்து.

மே 20, செவ்வாய்

எடுத்துக்கொண்டார்கள்! ஜூலை இதழ். என் புனைபெயர் 'மழைநத்தை' என்று வரும். சமையலறையில் தனியாகக் குதித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் குமே அக்கா கடை.

போன் இல்லாமல் ஒன்று போடச் சொல்லி குமே அக்கா இவரைச் சீண்டினார். நான் கடைக்கு வந்திருந்த புது இதழைத் திறந்து என் பக்கத்தை அவர் முன்னால் தள்ளினேன். போனில் தப்பாகப் போட்டால் எண் சிவந்து காட்டிக்கொடுக்கும். காகிதம் வாயே திறக்காது. மனுஷன் போட்டார், அழித்தார், காபி ஆறிப்போனது, இன்னொன்று வந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டுப் பென்சிலை வைத்தார்.

"இது மெஷின் போட்டதில்ல. எங்க முழிப்பேன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அங்கேயே கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறான். யாரு இந்த மழைநத்தை?"

"நான்தாங்க."

பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

போட்டு முடித்ததை அடுத்தவருக்காக அழித்து வைப்பது அந்தக் கடை வழக்கம். குமே அக்கா ரப்பரை நீட்டினார்.

"உங்களுக்கு இதே இதழ் இன்னொண்ணு வாங்கித் தரேன்க்கா. இதை அழிக்க மாட்டேன். என் பொண்டாட்டி போட்டது," என்றார், பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி.