அல்சூர் வீட்டின் ஓனர்

ஜனவரி 6, செவ்வாய்

குளிர். பெங்களூரில் பதினொரு மணி வரை வெயிலே இல்லை. அவரைக்காய் இரண்டு கிலோ. உரித்துப் பிதுக்கி முடிக்க மதியமாகிவிட்டது.

அல்சூர் வீட்டில் குடியிருக்கும் சுமதி போன் செய்தாள். ஆபீசில் வாடகை ரசீதும் ஓனரின் பான் நம்பரும் கேட்கிறார்களாம், அவளுக்கு வரிக் கழிவு கிடைக்க. "ஆன்ட்டி, உங்க பான்தானே? அக்ரிமென்ட் உங்க பேர்லதானே இருக்கு?" ஆமாம்மா என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கினார். "அவசரப்படாதே. ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

எதற்கு? இத்தனை வருடம் யாரைக் கேட்டோம்?

ஜனவரி 7, புதன்

நாளைக்கு: ஆடிட்டர், எட்டாவது கிராஸ், நாலு மணி. எடுத்துப்போக: தானப் பத்திரம், வாடகை அக்ரிமென்ட், சொத்து வரி ரசீது, என் பாஸ்புக். காபிப் பொடி, மல்லேஸ்வரத்தில் வாங்கினால் போதும்.

தானப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இவர் கொடுத்தது. பட்டுப் புடவை எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, "வீட்டையே எழுதித் தர்றேன், புடவை எதுக்கு?" என்றார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். காலையில் பார்க்கில் இவரோடு நடக்கும் நண்பர் சொன்ன யோசனை என்று பிற்பாடு தெரிந்தது. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, அவள் பெயரில் வீடு இருந்தால் வரியே கிடையாது, என்றாராம். அன்றிலிருந்து என் வருமான வரி ரிட்டர்னை இவரே கம்ப்யூட்டரில் போட்டு வந்தார்.

யோசனை யாருடையதாக இருந்தால் என்ன. வீடு என்னுடையது. வாடகை என் அக்கவுண்ட்டில் விழுகிறது.

ஜனவரி 8, வியாழன்

ஆடிட்டர் இளைஞர்தான், தலை மட்டும் முன்பக்கம் வழுக்கை. பத்திரத்தை ஒரு நிமிடம் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"எல்லாரும் பண்றதுதான் சார் இது. மனைவிக்கு வீட்டை சும்மா எழுதிக் கொடுத்தா, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வீடு மேடமோடது. வரி கணக்குல ஓனர் இன்னும் நீங்கதான். வாடகை பூரா உங்க வருமானத்துல சேரும்."

இவர் முகம் சுருங்கிப்போனது. பழைய வருடங்களுக்கும் திருத்திப் போட்டு வட்டியோடு கட்ட வேண்டுமாம், சட்டம் அனுமதிக்கிற வரைக்கும்.

நான் கேட்டது: பழுது பார்த்த செலவெல்லாம்? "அதுக்குத் தனியா பில் வேணாம் மேடம். செலவு பண்ணினாலும் பண்ணாட்டியும் வாடகைல முப்பது சதவீதம் கழிச்சுக்கலாம். சார் கணக்குல." பெயிண்ட், கொசுவலை, கீசர், கரையான் மருந்து, எல்லாம் நான் ஓடினது. கழிவு சார் கணக்கில்.

வாடகையைச் சேர்த்து நான் டெபாசிட் போட்டிருக்கிறேனே, அந்த வட்டி? "அது மேடம் வருமானம்." ஆக வாடகை அவருடையது, வாடகையின் வட்டி என்னுடையது. இந்தச் சட்டத்தை எழுதி வைத்தவனுக்கு வீட்டில் சண்டை போதவில்லை போலிருக்கிறது.

இதற்கு விதிவிலக்கே இல்லையா என்றார் இவர். "இருக்கு சார். பிரிஞ்சு வாழறதுன்னு ஒப்பந்தம் பண்ணி அதுக்காக எழுதிக் கொடுத்திருந்தா, மேடம்தான் ஓனர்." மூவரும் சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

கிளம்பும்போது தெளிவாகவே சொன்னார்: பான் நம்பர் மேடமோடதே கொடுக்கலாம், அக்ரிமென்ட் அவங்க பேர்ல இருக்கு. வாடகை எந்த அக்கவுண்ட்டுக்கு வந்தாலும் பரவாயில்லை. வரியை மட்டும் சார் கட்டினால் போதும்.

காபிப் பொடி மறந்துபோனது.

ஜனவரி 10, சனி

இவர் இரண்டு நாளாக அதே பாட்டு. "வரி நான் கட்டணும், பணம் உன்கிட்ட. பென்ஷன்ல இருந்து எடுத்துக் கட்டறதா? வாடகை என் அக்கவுண்ட்டுக்கே வரட்டும். உனக்கு வேணும்னா கேளு, தர்றேன்."

கேளு. தர்றேன்.

கல்யாணமானதிலிருந்து கேட்டேன், தந்தார். இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் எதற்கு என்று கேட்காமல் தந்ததும் இல்லை. வாடகை வர ஆரம்பித்த பிறகுதான் தங்கையோடு மைசூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன், யாரிடமும் கணக்குச் சொல்லாமல். அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வரியை நானே கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "உன் காசு என் காசுன்னு என்ன பேச்சு இது?" என்று எழுந்து போய்விட்டார்.

இட்லி மாவு புளிக்கவில்லை. குளிர்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எதிர்வீட்டு கன்னடக்கார அம்மா எள்ளு, வெல்லம், கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல். முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சுமதி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். வைக்கும் முன், "ஆன்ட்டி, அங்கிள் அவரோட அக்கவுண்ட் நம்பர் அனுப்பியிருக்கார். பிப்ரவரியிலிருந்து அதுலயே போடட்டுமா?"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்புறம் சொல்றேம்மா" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இவர் டிவியில் கர்நாடகச் சங்கராந்திக்கு மாடுகளைத் தீ தாண்ட வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம். இன்னும் இருக்கிறது. பண்டிகை நாள் என்பதால் பேசவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பேசினேன். "நான்தான் ஓனர்னு சட்டமே சொல்லுது, அப்புறம் என்ன?" என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். இவருக்கு ஆச்சரியம். இரண்டாவது காபி தானே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை ஏழரைக்கு சுமதி. அழாத குறை. "ஆன்ட்டி, பாத்ரூம்ல பைப் உடைஞ்சு தண்ணி கொட்டுது. கீழ் வீட்டுக்காரங்க வந்து கத்தறாங்க."

வழக்கமாக நான்தான் ஆட்டோ பிடித்து ஓடுவேன். இன்றைக்குப் போனை இவரிடம் நீட்டினேன். "ஓனர் நீங்கதானே. போயிட்டு வாங்க."

முறைத்தார். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனார். பிளம்பர் நம்பரை மட்டும் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், யாரோ கன்னடத்தில் திட்டும் சத்தம். "மெயின் வால்வு எங்கடி இருக்கு? இந்தாளு வீடு பூரா தேடிட்டான்."

அதற்குள் பிளம்பர் குரல், பக்கத்தில்: "சார், ஓனர்கே ஃபோன் மாடி சார்." ஓனருக்கு போன் பண்ணச் சொல்கிறான்.

"அவங்ககிட்டதான்யா பேசிக்கிட்டிருக்கேன்!" என்று இவர் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சுமதி பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாளாம். வாடகை எந்த அக்கவுண்ட்டுக்கு என்று அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன்.

"இப்பவா? இங்க முழங்கால் வரைக்கும் நனைஞ்சு நிக்கறேன்!"

"இப்பத்தான்."

தண்ணீர்ச் சத்தம். பிறகு போனை வாயிலிருந்து நகர்த்தி, "சுமதி, வாடகையைப் பழைய அக்கவுண்ட்டுக்கே போடும்மா. ஆன்ட்டிக்கே." சரி அங்கிள் என்று அவள் சொன்னதும் கேட்டது.

அதன் பிறகு சொன்னேன். பாத்ரூம் பரணில், கீசருக்குப் பின்னால், பழைய பெயிண்ட் டப்பாவை நகர்த்தினால் தெரியும். வால்வை இடது பக்கம் திருப்ப வேண்டாம், பிடி கையோடு வந்துவிடும்.