அட்டைகளின் பின்பக்கம்

பிப்ரவரி 4, 1979. ஞாயிறு

காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. திருநகரிலிருந்து கீழக்குயில்குடிக்கு சைக்கிளில். முன் டயரில் காற்று இறங்கிப் பாதி தூரம் உருட்டல். தனபால் பரவையிலிருந்து எனக்கு முன்பே வந்து பாறையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ள, சைக்கிள நீ தூக்கிட்டு வாரியா, அது உன்னத் தூக்கிட்டு வருதா?"

கடைசி நான்கு அட்டைகள் இன்று முடிந்தன. அவன் இரண்டு, நான் இரண்டு. ஆக நாற்பது. ஏழு மாத வேலை. எல்லாம் எங்கள் கல்லூரி நூலகம் கழித்துப் போட்ட அட்டவணைக் கார்டுகள். ஒரு பக்கம் ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் பெயர், எண். மறுபக்கம் வெறுமை, அதில் எங்கள் கறுப்பு மை. அடியில் நடுவே கம்பி கோக்கும் ஓட்டை. அதை மறைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு.

இன்னொரு முடிவும். கையெழுத்து இல்லை, தலைப்பு இல்லை, தேதி இல்லை. ஜூலையில் மேலே சமணச் சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்தைப் பார்த்த அன்று எடுத்தது. செய்வித்தவன் பெயர் இருக்கிறது. செதுக்கியவன் பெயர் இல்லை. "நாமளும் அப்புடியே இருப்போம்டா" என்றேன். த. கை கொடுத்தான். அவன் கை வியர்த்திருந்தது. இதெல்லாம் ஏன் நினைவிருக்கிறது.

அக்டோபரில் வரைந்த குளத்தை மறுபடி எடுத்துக் காட்டினேன். மலை ஒரே கோடு. கீழே குளத்தை வரையவில்லை. கார்டின் ஓட்டைதான் குளம்.

"ம்" என்றான். வடையை எடுத்துக்கொண்டான்.

ஏழு மாதத்தில் என் படம் எதையும் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது வேறு.

பிப்ரவரி 6. செவ்வாய்

நூலகத்தில் நாள் முழுக்கப் புதிய பதிவுகள். தலைப்புப் பக்கம் கிழிந்த ஒரு பழைய நூல். ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரியும், எம்.ஏ.வில் படித்தது. பெயரை எழுதி வைத்தேன். நூலகர் பாக்கியம் மேடம் சிவப்பு மையில் ஒரே கோடு.

"ஒனக்குத் தெரிஞ்சது எனக்கு வேணாம் தம்பி. கையில இருக்குற பொருள்ல என்ன போட்டிருக்கோ அத மட்டும் எழுது. ஒண்ணும் போடலையா? 'ஆசிரியர் பெயர் இல்லை'. அம்புட்டுத்தான்."

"ஆனா மேடம், ஊருக்கே தெரியும்..."

"ஊரு பதிவேட்டுல கையெழுத்துப் போடாது. நான்தான் போடணும்."

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. சுத்தமாக இருக்கிறது. இரவல் அறிவு இல்லை, அனுமானம் இல்லை.

செய்ய: சைக்கிள் ட்யூப். அத்தானுக்குச் சவர பிளேடு. கண்காட்சிக்குக் கறுப்பு சார்ட் அட்டை எட்டு.

பிப்ரவரி 8. வியாழன்

அழைப்பிதழ் வந்தது. 'நூலகக் கலை வாரம்'. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை மூன்று பேர். பட்டிமன்றம், கோலப்போட்டி, நாட்டுப்பாடல். கடைசிக்கு முந்தின வரியில் 'அட்டை ஓவியக் கண்காட்சி'. கடைசி வரியில் நன்றியுரை, என் பெயர். நன்றியுரை சொல்பவன் நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேசுவான். பரவாயில்லை.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மார்ச்சோட ஒன் டெம்பரவரி முடியுதுல்ல?"

"ஆமா மேடம்."

"நம்ம நிர்வாகத்து ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் எடம் காலி. நிரந்தரம். திறந்து வைக்க வாரது செயலாளர். அவரு கண்ணுல படுற மாதிரி மாட்டு."

மாலை த. வந்தபோது சொன்னேன். சொல்லாமல் எப்படி. டுடோரியலில் அவனும் மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான்.

அட்டைக் கட்டை எடுத்துப் புரட்டினான். பிறகு, "நம்ம ரெண்டு பேருல யாருக்குக் கெடச்சா என்ன மாப்ள."

எனக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது.

"நீ மைக்கு, சேரு, லெட்டருன்னு அலையுற. ஒட்டுற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றான். நாற்பது அட்டைகளையும் சார்ட்டையும் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனான். அட்டெண்டர் ராசு அண்ணே வாசல்வரை கூடப் போனார்.

"மைதாப் பசையில மயில்துத்தம் போடுங்க தம்பி. இல்லேன்னா கரப்பான் வந்து கண்காட்சியத் தொறந்து வச்சிரும்."

பிப்ரவரி 10. சனி

மாட்டி முடித்தோம். வாசிப்பு அறையின் நீண்ட சுவர். த. நன்றாக ஒட்டியிருக்கிறான், நான்கு மூலையிலும் ஒரு பொட்டுப் பசை மட்டும். எட்டு சார்ட், சார்ட்டுக்கு ஐந்து. கறுப்பின் மேல் வெள்ளைக் கார்டுகள். ஓட்டை வழியாகப் பின்னால் உள்ள கறுப்பு தெரிகிறது. வரிசையில் ஏழாவதான என் குளம் இப்போது உண்மையிலேயே ஆழமாக இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

தள்ளி நின்று பார்த்தேன். எது யாருடையது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. ஜூலையில் நினைத்தது நடந்திருக்கிறது. சந்தோஷம் என்று எழுதலாம்.

பிப்ரவரி 12. திங்கள்

உட்கார்ந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பத்தரைக்கு வரவேண்டிய செயலாளர் பன்னிரண்டுக்கு வந்தார். ரிப்பன். பொன்னாடை. மைக் இரண்டு முறை ஊளையிட்டது. எல்லோரும் சுவரை ஒட்டி மெல்ல நடந்தோம். அவர் வேகமாகத்தான் போனார். ஏழில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது கீழக்குயில்குடிதானே? கொளம் எங்கப்பா?" என்றார். பிறகு அவரே, "அட, இந்த ஓட்டையா!" சிரித்தார். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். "யாரு போட்டது இது?"

த. என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முடிவு நினைவிருக்கிறதல்லவா என்று கேட்கிறான் என நினைத்தேன். லேசாகத் தலையாட்டினேன். இருக்கிறது என்று.

"நான்தான் சார்" என்றான் த.

பிறகு இதையும் சொன்னான்: "கார்டுல ஓட்டையப் பாத்ததும் தோணுச்சு சார். கொளத்த வரைய வேணாம், ஏற்கெனவே இருக்குன்னு."

அந்த வாக்கியம் என்னுடையது. அக்டோபரில் பாறையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை.

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் இங்கத்த பழைய கார்டுதான் சார். நூலகமே வச்சுக்கட்டும். அன்பளிப்பு."

செயலாளர் அவன் தோளில் கை போட்டபடி அறையைத் தாண்டிப் போனார். ஸ்கூல், ஜூன், விண்ணப்பம் என்று மூன்று சொற்கள் காதில் விழுந்தன.

நன்றியுரை சொன்னேன். எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ராசு அண்ணே மட்டும் கை தட்டினார், நாற்காலியை மடக்குவதற்கு முன்.

பிப்ரவரி 13. செவ்வாய்

லேசான காய்ச்சல். லீவு. அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அவன் சொல்றப்ப நீ என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"யாரும் பேர் சொல்றதில்லன்னு முடிவுக்கா."

"முடிவாம். அவன் முடிவ மாத்திட்டான்ல? நீயும் மாத்த வேண்டியதுதான? 'சார், அது நான் போட்டது'ன்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அத்தான்: "பேரு வேணாம்னு சொன்னவரே நம்ம மச்சான்தான்டி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பாரு?"

அக்கா ரசத்தை நங்கென்று வைத்தாள். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

அத்தான் சொன்னது சரி. சொல்லியிருந்தால் முடிவை உடைத்தவன் நானும். சொல்லாததால் முடிவைக் காப்பாற்றியவன் நான் ஒருவன். ஒருவன் மட்டும் காப்பாற்றும் முடிவுக்கு என்ன பெயர்.

ஒருவேளை வாய் தவறியிருக்கலாம். பெரிய மனிதர் முன்னால், வெளிச்சத்தில், ஒரு நொடி. வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது. ஒரு நொடியில் வழுக்குவது மனிதருக்கு உண்டு. இப்படி நினைத்தபோது காய்ச்சல் குறைந்த மாதிரி.

பிப்ரவரி 16. வெள்ளி

கலை வாரம் முடிந்தது. பட்டிமன்றத்தில் கூட்டம் தாங்கவில்லை, ஜன்னலில் ஏறி உட்கார்ந்து கேட்டார்கள். கோலப்போட்டியின் பொடி எல்லா மேசையிலும். ராசு அண்ணே துடைத்துக்கொண்டே, "கலை வளருது தம்பி, முதுகுதான் வளைஞ்சு போச்சு."

திங்களுக்குப் பிறகு த. வரவில்லை.

பிப்ரவரி 20. செவ்வாய்

வந்தான். புதுச் சட்டை. என் மேசையின் எதிரில் உட்கார்ந்து ரப்பர் முத்திரையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு என்னமோ வாயில வந்துருச்சு மாப்ள."

"சரி."

"கோவமா?"

"இல்லை."

"படமெல்லாம் பதிவேட்டுல ஏத்துவீங்கள்ல? அதுல ஒரு நகல் வேணும். விண்ணப்பத்தோட வைக்கணுமாம்."

"ஏத்துவோம். ஆனா அட்டையில என்ன இருக்கோ அதத்தான் எழுதுவோம். வாயால சொன்னத எழுத மாட்டோம். மேடம் ரூல்."

எழுந்து நின்றான். சிரித்தான். "ரூல்படியே செய்யி மாப்ள. நான் என்ன வேணாம்னா சொல்றேன்? வாரேன்."

அட்டையில் ஒன்றுமில்லை. ஆகவே 'ஆசிரியர் பெயர் இல்லை'. அவனுக்கும் எனக்கும் அதுதான் நியாயம். அவன் அதற்கு ஒத்துக்கொண்டான் என்று புரிந்துகொண்டேன். போகும்போது நடையில் பழைய த. தெரிந்தான். மத்தியானம் இரண்டு டீ குடித்தேன்.

பிப்ரவரி 22. வியாழன்

வெயில் பிடித்துவிட்டது. மின்விசிறி ஓடவில்லை.

நூலகத்துக்கு வரும் எந்தப் பொருளுக்கும் பின்பக்கம் முத்திரையும் எண்ணும் வேண்டும். அதற்காக அட்டைகளை சார்ட்டிலிருந்து பிரித்தேன். ஈரத்துணி, பிளேடு. ஒரு மூலை, இரண்டு மூலை. முதல் ஆறும் சுத்தம். பின்னால் பழைய புத்தகப் பெயர்கள் மட்டும்.

ஏழு. திருப்பினேன். பழைய எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில், மையில்: தனபால். 9.2.79.

ஒன்பதாம் தேதி வெள்ளி. நான் வேலையைப் பற்றிச் சொன்னது எட்டு மாலை. தேதியில் பொய் சொல்லவில்லை.

எனவே வாயில் வந்துவிடவில்லை. வெளிச்சம், ஒரு நொடி, வழுக்கல் எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, பசை காய்ச்சி, ஒவ்வொன்றாகத் திருப்பி.

மீதியையும் பிரித்தேன். பன்னிரண்டு, பதினைந்து, பதினாறு... கையெழுத்து உள்ளவை மொத்தம் பதினொன்று. பதினொன்றும் நான் வரைந்தவை. அவன் வரைந்ததில் ஒன்றில்கூட இல்லை.

பிப்ரவரி 23. வெள்ளி

பதிவேடு. நாற்பது வரிகள். இருபத்தொன்பதுக்கு 'ஆசிரியர் பெயர் இல்லை'. பதினொன்றுக்கு 'தனபால்'. மேடம் என் கையெழுத்தை முத்து என்பார். முத்தாகவே எழுதினேன்.

முத்திரையை அவன் பெயர் மேலேயே குத்தி அழித்திருக்கலாம். எங்கே குத்துவது என்பதற்கு விதி கிடையாது. கை அங்கே போய்த் திரும்பி வந்தது.

மேடம் கையெழுத்துப் போட வந்தார். ஏழாம் அட்டையை எடுத்து, பின்பக்கம் பார்த்து, முன்பக்கம் பார்த்தார்.

"இது நீ அக்டோபர்ல என் மேசையில கொண்டாந்து காட்டுனதுதானே?"

"ஆமா மேடம்."

"அப்புறம் இது என்ன?"

"பொருள்ல போட்டிருக்கிறதத்தான மேடம் எழுதணும்."

நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார். சிவப்பு மை. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று, இப்போது ஒத்துக்கொள்கிறேன், மிகவும் வேண்டினேன்.

பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். "ஃபேன சரி பண்ணச் சொல்லு தம்பி" என்று போய்விட்டார்.

நகல் தயார். நானே எடுத்தேன்.

பிப்ரவரி 25. ஞாயிறு

அதே பாறை. நகலைக் கொடுக்க வரச்சொல்லியிருந்தேன். குளத்தில் தண்ணீர் பாதிக்கு வந்துவிட்டது. எருமைகள்.

த. வாங்கி, படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கண் கலங்கியிருந்தான். "நீ பெரிய மனுசன் மாப்ள. விட்டுக்குடுத்துட்ட."

"விட்டுக்குடுக்கல. பின்பக்கம் இருந்தத எழுதுனேன்."

அவன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்டா. ஒன்னோடது எதுலயும் போடல. என்னோடது பதினொண்ணுலயும் எப்புடிச் சரியா பாத்துப் போட்ட?"

உண்மையாகவே யோசித்தான். அவன் முகம் எனக்குத் தெரியும். அதில் நடிப்பு இல்லை.

"எது யாருதுன்னு பாக்கல மாப்ள. நாப்பதையும் தரையில பரப்பி வச்சேன். எது எது நல்லாருந்துச்சோ அதுல போட்டேன்."

எழுந்து வந்துவிட்டேன். பின் டயரிலும் காற்றில்லை. உருட்டிக்கொண்டே வீடுவரை.

ஏழு மாதத்தில் என் படங்களைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.