மாமா மாட்டிய ஃபில்டர்

அன்புள்ள அண்ணா,

உன் தங்கை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருப்பவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் மடித்து வைத்துவிடு, படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பஞ்சர் கடைக்காரர் பெயருக்கு அனுப்பு. உன் விலாசத்தை அவர்தான் கொடுத்தார், கொடுக்கும்போதே உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா அப்புறம் என் கடைக்குக் காத்தடிக்கக்கூட வரமாட்டாங்க என்று சொல்லித்தான் கொடுத்தார். நாங்கள் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர நீ இங்கே இருந்தபோது இருந்த நலம் வேறு, இது வேறு. நீ எப்படி இருக்கிறாய்? ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து உனக்குத் தூக்கம் வருகிறதா, வேலை முடிந்ததும் கையை ஒழுங்காகக் கழுவுகிறாயா, இல்லை இங்கே மாதிரி அவசரமாகத் துடைத்துவிட்டு அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிடுகிறாயா? அதைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது என்பதால் நான் சொல்கிறேன்.

நீ இங்கே விட்டுப்போன அறையில்தான் இப்போது நான் படுக்கிறேன். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா இன்னும் தூங்கவில்லை, பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, அம்மா சொல்லக்கூடாது என்று ஒன்றும் சட்டம் போடவில்லை, ஆனால் நான் ஒருமுறை அண்ணா இருந்தா என்று ஆரம்பித்தபோது கையில் இருந்த டம்ளரை அவள் வைத்த விதத்திலேயே நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் நம் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு சைலன்ஸர் கிளாம்பை முடுக்கிக்கொண்டிருந்தாள். கையை வெளியே நீட்டி, உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே, "டேய், பதினாலு எடு" என்றாள். நான் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. அப்புறம் உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நீ போய்ப் படி என்றாள். அன்றைக்கே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், பயத்தில் எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேன். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. ஆயில் விளக்கு உடனே அணைவதில்லை, யோசித்து யோசித்து அணைகிறது. அம்மா குளிருக்கு அப்படித்தான் என்கிறாள், வெயில் கொளுத்துகிற மாதத்திலும் அதையேதான் சொன்னாள். சில நாளாக அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கும்வரை வண்டி சும்மா ஓடிக்கொண்டு நிற்குமே, அப்போது அந்தச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. முன்சீட்டில் உட்காரும் பல் விழுந்த குட்டிப் பையன் அதை விரலால் தொட்டுக் காட்டி, ஆன்ட்டி இது ஏன் கண்ணடிக்குது என்று கேட்டான். உன்னைப் பாத்துத்தான்டா, வேற யாரைப் பாத்துக் கண்ணடிக்கும் என்று அம்மா சொன்னாள், வண்டியே சிரித்தது. ஆனால் கண்ணாடியில் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஆயில் ஃபில்டர்தான் அண்ணா. மாமா மாட்டி நீ கழற்றிப் போட்டாயே, அதே மாதிரி ஃபில்டர்தான் இன்றுவரை. ஆயில் மாற்றும் நாளில் ஹாரன் மாமா தன் உதிரிபாகக் கடையிலிருந்து ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். தங்கச்சி வண்டிக்குப் போடுறதுக்குப் போய்க் காசா என்று சொல்லிப் பணம் வாங்குவதில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே கீழே படுத்து, துணியைச் சுற்றிக் கழுத்து நரம்பு புடைக்கும்வரை முடுக்குகிறார். கையால் முடுக்கினால் போதும், ரப்பர் உட்கார்ந்ததும் முக்கால் சுற்று என்று நீ எப்போதும் சொல்வாயே, அவர் முடுக்குவதைப் பார்த்தால் அடுத்த தடவை அதைக் கழற்ற வெடி வைக்க வேண்டும். எழுந்து வந்து, இனி யானை கட்டி இழுத்தாலும் அசையாது என்பார். அம்மா டீ கொடுப்பாள். அப்பா போன பிறகு நம் வாசலில் வந்து நின்றவர் அவர் ஒருத்தர்தான், அம்மாவுக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பள்ளிக்கூடத்தில் பேசி இந்த ஓட்டத்தை வாங்கித் தந்தவரும் அவர்தான். அந்த மனுஷன் மாட்டியதைப் பார்த்து இது சரியில்லை என்று அம்மா வாயால் எப்படி வரும்? அது எனக்குப் புரிகிறது. உனக்கும் புரிந்துதான் இருக்கும், ஆனால் நீ வாயால் சொல்லாமல் ஸ்பேனரால் சொல்லிவிட்டாய். மறுநாள் காலையில் மாமா வந்து, தான் மாட்டியது தரையில் கிடப்பதைப் பார்த்து, அதை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார் இல்லையா, அதற்குப் பிறகு அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமன் கையால மாட்டினதைக் கழட்டத் தெரிஞ்சவனுக்கு, அந்த மாமன் காப்பாத்திக் கொடுத்த வீடு எதுக்கு?" நீ உள்ளே போனாய். பையை எடுத்தாய். நான் வாசல்வரை வந்தேன், நீ திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பழைய ஃபில்டரை நான் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கோபப்படாதே, கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்தேன். கவிழ்த்ததும் உள்ளே இருந்த ஆயில் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. ஓரத்தில் வட்டமாகக் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்குமே, அதற்குள்ளே ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும், வண்டி நின்ற பிறகு ஆயில் கீழே வடிந்துவிடாமல் அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. பென்சில் முனையால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரப்பர் என்றால் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும், இது காய்ந்த செருப்புத் தோல் மாதிரி இருந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஒரு துண்டு உடைந்து உள்ளே விழுந்தது. அப்படியானால் ராத்திரியெல்லாம் ஆயில் வடிந்துபோய், காலையில் இன்ஜின் வறட்டுத் தொண்டையோடுதானே எழுந்திருக்கிறது? அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதானே? பள்ளிக்கூட வாசலில் விளக்கு எரிவதும் இதனால்தானா, அல்லது இத்தனை நாள் இப்படி ஓடியதில் உள்ளே வேறு ஏதாவது தேய்ந்துவிட்டதா? இதை எனக்குக் கட்டாயம் எழுது.

பள்ளிக்கூடம் விட்டு மாமா கடைக்கும் போனேன். அறிவியல் பாடத்துக்கு ஒரு மாடல் செய்யணும், ஆயில் ஃபில்டர் ஒண்ணு பாக்கணும் என்று பொய் சொன்னேன். பாவம், எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா. யாரோ ஒருவர் ஹாரன் வாங்க வந்து நின்றார், அவரை விட்டுவிட்டு எனக்காக ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இது எந்த வண்டியோடது மாமா என்று கேட்டேன். ஏதோ சின்னக் கார் பெயரைச் சொன்னார். நம் வேனுக்கு இது சேருமா என்றேன். "திருகுற மரை ஒண்ணுதான் கண்ணு. பொருந்திச்சுன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஏமாற்றும் எண்ணமே அவருக்கு இல்லை அண்ணா, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பாட்டிலுக்கு மூடி பார்க்கிற மாதிரி பார்க்கிறார், அவ்வளவுதான். நான் கிளம்பும்போது ஹாரன் வாங்க வந்தவர் போய்விட்டிருந்தார். மாமா கல்லாப்பெட்டி மேல் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவன்கிட்டேருந்து ஏதாச்சும் சேதி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ இரண்டு தடவை படி. "ஃபில்டரைக் கழட்டினதுல எனக்கு வருத்தம் இல்ல. மாமா இது சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே படுத்துக் கழட்டிக் கொடுத்திருப்பேனே." அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் ஒரு ஹாரனை எடுத்து அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அது வேலை செய்தது, இருந்தாலும் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நான் எதற்குக் கடைக்குப் போனேன் என்று வரும், ஃபில்டரைக் கிளறியது வரும், உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று வரும். என்னையும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குப் போக இடம் இல்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, வருகிற சனிக்கிழமை எங்கள் வகுப்பையும் சின்னப் பிள்ளைகள் வகுப்பையும் மலைமேல் இருக்கும் அணைக்குக் கூட்டிப்போகிறார்கள், நம் வேன்தான் போகிறது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும் என்று நீ ஒருமுறை சொன்னாய். அந்த வளைவுகளில் அந்த விளக்கு கண்ணடித்தால் அம்மா என்ன பதில் சொல்வாள்? கண்ணை மூடினால் அந்தப் பல் விழுந்த பையன் முன்சீட்டில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறான்.

நானே ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் வேறு கடைக்கும் போய்ப் பார்த்தேன். விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டி பளபளப்பாக இருப்பது நல்லதா, கனமாக இருப்பது நல்லதா, எதைப் பார்த்து எடுப்பது? கடைக்காரர் எந்த வருஷத்து வண்டி, என்ன இன்ஜின், ஃபில்டர் நம்பர் என்ன என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு வண்டியின் நிறம் மட்டும்தான் தெரிந்தது. அவர் நல்லவிதமாகத்தான் சிரித்தார், போய் அப்பாவைக் கூட்டிட்டு வா பாப்பா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அப்பாவை நினைக்கவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். வண்டியோடு கொடுத்த புத்தகம் உன் பையோடு போய்விட்டது, நம்பர் அதில்தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதி அனுப்பு. போலி எது, அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவ வேண்டும் என்பாயே அது எவ்வளவு, பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது, எல்லாம் எழுது. மாமா முடுக்கியதை என் கையால் கழற்ற முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

நான் எழுதுவதெல்லாம் பொய் அண்ணா. எனக்கு நம்பர் வேண்டாம். நீ வர வேண்டும். சாயங்காலம் வண்டி வந்து நிற்கும்போது இன்ஜின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்குமே, முன்பெல்லாம் அதற்குப் பின்னால் உன் விசில் கேட்கும். இப்போது சூடு ஆறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நீ வந்து முதலில் மாமா கடைக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு, அவரையே கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, அவர் கழற்றட்டும், நீ மாட்டு, நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். பாத்திரச் சத்தம் நின்று வெகு நேரம் ஆகிவிட்டது, அதை நான் கவனிக்கவே இல்லை, இப்போது யாரோ கதவைத் தட்டு

அம்மா எழுதுகிறேன்.

கதவைத் தட்டியது நான்தான். விளக்கு எரிகிறதே, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று தட்டினேன். ஒளிக்கத் தெரியவில்லை அவளுக்கு. வாங்கி முழுவதும் படித்தேன். அவளைத் திட்டவில்லை, பால் காய்ச்சிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டேன், அதனால் அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

அந்த விளக்கை உங்கள் இரண்டு பேரையும்விட நான்தான் அதிகம் பார்க்கிறேன். தினமும் என் முகத்துக்கு நேரேதான் எரிகிறது. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய், மலைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள், என் வண்டி நின்றுவிட்டது என்று சொல்லப்போகிறேன். தினசரி ஓட்டத்துக்கும் வேறு ஆள் ஏற்பாடு செய்யச் சொல்கிறேன். ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, என் அண்ணன் மனம் கோணக்கூடாது என்று ஓட்ட என்னால் முடியாது. என்ன பழுது என்று உன் மாமா கேட்பார். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு நான் சொன்னதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். அதைப் பற்றிக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஃபில்டர் நம்பரைத் தபாலில் அனுப்பாதே. நீ வந்து மாமாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை வண்டி வாசலிலேயே நிற்கும்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக ஓட வேண்டும். லீவு கேட்கும்போது முதலாளியிடம் பொய் சொல்லாதே, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல், அது உண்மைதான். இருட்டுவதற்குள் வந்து சேரும் பஸ்ஸாகப் பார்த்து ஏறு.

அம்மா