ஓடைப் பாலத்து இறக்கம்

18-9-2005, ஞாயிறு

அபிராமியின் சைக்கிள் பின்சக்கரம் மறுபடி பஞ்சர். இந்த மாதத்தில் இது இரண்டாவது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது கடை எதற்கு? வாசலிலேயே கவிழ்த்துப் போட்டு, இரண்டு கரண்டிக் காம்பை விட்டு டயரை நெம்பினேன். ட்யூபை வாளித் தண்ணீரில் முக்கியதும் குமிழ் வந்துவிட்டது. கருவேல முள். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினேன். அப்படியே செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். பெடலைச் சுற்றினால் சத்தமே இல்லை.

வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங் தம்பி, பேசாம கம்பெனிய உட்டுப்போட்டுச் சைக்கிள் கடை வெச்சுப்போடுங்க" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அபிக்கு இது மூன்றாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து. வேலைக்குச் சைக்கிளில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். உசிலம்பட்டியிலிருந்து அபியின் அம்மா, என் அத்தைதான் போன் போட்டு, சைக்கிளைத் தொடவே கூடாது என்கிறார். இந்த ஊர் டவுன் பஸ்ஸில் காலையில் ஏறிப் பார்த்தால் அவருக்குத் தெரியும். நின்றுகொண்டு நசுங்குவதைவிடச் சைக்கிள் எவ்வளவோ மேல். "வண்டி என் கையில இருக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அபியிடம் நானே சொன்னேன்.

11-10-2005, செவ்வாய்

கம்பெனியில் ஆயுத பூஜை. நிட்டிங் மெஷின் பன்னிரண்டையும் நேற்றே துடைத்து வைத்துவிட்டோம். பனியன் வேஸ்ட்டை நீடில் ஆயிலில் நனைத்துத் துடைத்தால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் மெஷினில் முகம் பார்த்தே தலை சீவலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி, கடலை எல்லாம் ஆயிற்று.

வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் ஆயிலும், கை நிறைய வேஸ்ட்டும் கொண்டுவந்தேன். அபி சைக்கிளுக்கும் பூஜை போட வேண்டாமா? மெஷினுக்கு என்ன செய்தேனோ அதையே சைக்கிளுக்கும் செய்தேன். ஹேண்டில்பார், மட்கார்டு, போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாக, இரண்டு ரிம்மும். மத்தியான வெயிலில் ரிம் இரண்டும் வெள்ளித் தட்டாக மின்னின. அபி சந்தனம் வைத்தாள். வயிற்றைத் தொட்டுக்கொண்டு, "அடுத்த வருசம் முன்னாடி கூடை மாட்டணும் மாமா" என்றாள். பிள்ளை உட்காரும் கூடை. முதல் வருஷமே எப்படி உட்காரும் என்று சிரித்தேன்.

13-10-2005, வியாழன்

அபி விழுந்துவிட்டாள். ஓடைப் பாலத்து இறக்கத்தில். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

15-10-2005, சனி

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் அபி ஒரே மாதிரி சொல்கிறாள். கறுப்பு நாய் குறுக்கே வந்தது, ஒதுங்கப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டேன் என்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது?

19-10-2005, புதன்

பாலத்து டீக்கடையில் போட்டிருந்த சைக்கிளைப் போய் எடுத்து வந்தேன். முன்சக்கரம் பெண்டாகிவிட்டது. மட்கார்டு நசுங்கியிருக்கிறது. ஹேண்டிலில் வைத்த சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது.

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பிரேக் கட்டை போய் ரிம்மைத் தொடுகிறது, சக்கரம் பாட்டுக்குச் சுற்றுகிறது. விரலை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. நீடில் ஆயில் துணியில் கறை படியக் கூடாது என்று தண்ணீர் மாதிரி செய்கிற எண்ணெய். பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். விரலை மோந்து பார்த்தேன். பதினொரு வருஷமாக என் சட்டையில் இருக்கிற வாசனை.

ஊசி ஒன்று உடைந்தால் பன்னிரண்டு மெஷின் சத்தத்திலும் எனக்குக் கேட்கும். ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று தெரியலையே. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே. மினுமினுன்னு இருக்கணும்னு எனக்கு என்ன அப்படி ஒரு வெறி? ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்திருந்தா - தெருமுனை வரைக்கும், ஒரே ஒரு தடவை -

நாய் வந்ததால்தான் விழுந்தாள். அவளே சொன்னாள். நாய் வந்தது.

23-10-2005, ஞாயிறு

அத்தை வந்திருக்கிறார். வந்ததும் அபியைக் கட்டிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் அழுகை ஏச்சாகிவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி. ஏழு வருசத் தவத்தை ஒரு சைக்கிள்ல கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்துட்டியே" என்றார். அத்தை என்னைப் பார்த்து, "மாப்ளயும் பாவம், எவ்வளவு ஆசையா இருந்தாரு" என்றார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தை கொடுத்த டீயைக் குடித்தேன்.

1-11-2005, செவ்வாய்

தீபாவளி. கொண்டாடவில்லை.

13-11-2005, ஞாயிறு

அத்தை போன வாரமே ஊருக்குப் போய்விட்டார். அபி நாளையிலிருந்து வேலைக்குப் போகிறாள், நடந்து. சீக்கிரமே கிளம்பினால் போய்விடலாம் என்கிறாள்.

இன்று சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ரிம் இரண்டையும் சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன். வெந்நீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டேன். எண்ணெய் குடித்த பிரேக் கட்டை நான்கையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன். பெண்டு எடுப்பது மட்டும் எனக்குச் சரியாக வராது. ஒரு கம்பியை முறுக்கினால் இன்னொரு பக்கம் இழுக்கிறது. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒருவழியாக நேராக்கினேன்.

அபி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ரிம்மைக் கழுவுகிறபோது அவள் கை நின்றது. எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு எனக்கு. கேட்காதது நிம்மதியாகவும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

4-12-2005, ஞாயிறு

எங்கள் சந்தில் கரியன் என்று ஒரு நாய் உண்டு. யாருடைய நாயும் இல்லை. அபி விழுந்ததிலிருந்து அதற்குக் கெட்ட காலம். ரங்காத்தாள் அக்கா பழைய சோறு போடுவதை நிறுத்திவிட்டார். கண்டால் விறகுக் கட்டையை எடுக்கிறார். அந்த நாய்தான் இந்த நாய் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

நேற்று வேலை விட்டு வந்தபோது பார்க்கிறேன், கக்கூஸ் சுவருக்குப் பின்னால் அபி குந்தியிருக்கிறாள். கரியனுக்குச் சோறு வைக்கிறாள். அது தின்னத் தின்ன அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தன்னைத் தள்ளிவிட்ட நாய்க்கு யாராவது சோறு வைப்பார்களா?

24-12-2005, சனி

முனிசிபாலிட்டியில் சொல்லி நாய் பிடிக்கிற வண்டியை வரவழைத்துவிட்டார் ரங்காத்தாள் அக்கா. கரியனைச் சுருக்குக் கம்பியில் மாட்டி இழுத்தார்கள். அபி ஓடிப் போய்க் குறுக்கே நின்றுவிட்டாள். "உட்டுருங்கண்ணா, அது ஒண்ணுமே செய்யல" என்று அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்காகத்தானே கண்ணு சொன்னேன்" என்றார். வண்டிக்காரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாய் எதுவும் வரவில்லை.

25-12-2005, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலையில், அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது.

"ரிம்முல எண்ணெய் போட்டது நான்தான் அபி. அதான் பிரேக் புடிக்கல."

அவள் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் மாமா. ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் புடிச்சேன். வழுக்கிக்கிட்டே போச்சு."

அப்புறம் எதற்கு நாய் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"ஊரே உங்களத் திட்டுமேன்னுதான். நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "எங்கம்மா என்னைய அந்தப் பேச்சு பேசுறப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

எண்ணெயை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். டீயைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு மனுசன்னு இருந்தா அன்னைக்கே வாயத் தொறந்திருக்கணும்.

12-1-2006, வியாழன்

பொங்கலுக்கு அபியை ஊர் பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு லீவு இருந்தது. நீங்க வர வேண்டாம் என்றாள். எப்போது திரும்புவாள் என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

29-1-2006, ஞாயிறு

வரவில்லை. போனும் இல்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தேன்.

5-2-2006, ஞாயிறு

உசிலம்பட்டி போனேன். அத்தை, மாமா, மச்சினன் எல்லாரும் இருக்கும்போது, நடுவீட்டில் நின்றுகொண்டே சொன்னேன். எண்ணெய் போட்டது, ஓட்டிப் பார்க்காதது, தெரிந்த பிறகும் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாவற்றையும். மச்சினன் அடிக்க வந்தான். மாமா பிடித்துக்கொண்டார். அத்தை சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்க இருக்கையிலதான மாப்ள எம்புள்ளைய அந்தப் பேச்சு பேசுனேன்" என்றார். அவர் எழுந்து போய் அடுப்படியில் அபி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரில் யார் என்று தெரியவில்லை.

தனியாகத்தான் திரும்பி வந்தேன்.

26-2-2006, ஞாயிறு

அபி வந்துவிட்டாள். காலை பஸ்ஸில், அவளாகவே. பையை வைத்துவிட்டு முதலில் கரியனைக் கூப்பிட்டாள்.

3-4-2006, திங்கள்

வெயில் தாங்கவில்லை, இனி சைக்கிளிலேயே போகிறேன் என்றாள். நான் வெளியே எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன், தண்ணீர் தொட்டு, வெறும் துணியால்.

அவள் வாங்கி, முன்சக்கரத்தைத் தூக்கினாள். கையால் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தாள். நின்றது. பின்சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு ரிம்மில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தாள். என் கண்ணெதிரிலேயே. அப்புறம் ஏறிப் போனாள்.

19-6-2006, திங்கள்

தினமும் பார்க்கிறாள். ஒருநாள் விடாமல். முன்சக்கரம், பின்சக்கரம், ரிம், விரல். கோபம் ஒன்றும் இல்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், சில நேரம் சிரிக்கவும் செய்கிறாள். அந்த விரலைப் பார்க்கிற நேரத்தில் மட்டும் நான் உள்ளே போய்விடுகிறேன்.

3-10-2006, செவ்வாய்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் கம்பெனி. பூஜைக்குச் சைக்கிளை நான் தொடவில்லை. அவளே ஈரத்துணியால் துடைத்து ஹேண்டிலில் சந்தனம் வைத்தாள். போன வருஷம் கூடை மாட்ட வேண்டும் என்று சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டு.

நேற்று அவள் கடைக்குப் போயிருந்தபோது மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். முந்தின நாள் மழையில் இறக்கம் முழுக்கச் செம்மண் சேறு. மேலேயிருந்து மூன்று தடவை விட்டு, மூன்று தடவையும் சுவர் வருவதற்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். நின்றது. கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்று காலை அவள் சாப்பாட்டுக் கூடையைக் கேரியரில் வைத்தாள். நான் வழக்கம்போல் உள்ளே போனேன். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தால் ஆள் இல்லை. பார்க்காமலே ஏறிப் போய்விட்டாள்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டாளா? சாயங்காலம் வந்ததும், நேற்றே நான் இறக்கத்தில் விட்டுப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன்.

அவள் கரியனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும் மாமா" என்றாள். "டயர்ல பாலத்துச் செம்மண்ணு ஒட்டியிருந்துச்சு. காலையிலேயே பாத்தேன்."